இழுத்துப் போகும் வண்டியில் ஆள் ஏறக்கூடாது

என் உயிருக்கு உயிரான கருப்பையா மச்சானுக்கு,

டில்லி பஸ்கள் டீசலை விட்டு கேஸுக்கு மாறி முடிந்திருந்தன. கரோல் பாக் நடுவில் மெட்ரோவுக்காக ஒவ்வொரு தூணாக எழும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தூசியில் நம் தெருவே மாவு சலித்த இடம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. என் மகன் முருகேசன் பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டாம் தடவையாக எழுதினான். எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு வருஷத்தை எண்ணில் சொல்ல வராது. இப்படிச் சொன்னால் உனக்குப் புரிந்துவிடும். கல்யாண வீடுகளுக்கு நாம் ஜீப்பில் இழுத்துப் போன சமையல் டிராலி சாய்ந்த வருஷம்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் வசந்தி எழுதுகிறாள். உன் நினைவு நாளுக்கு நம் ஆட்கள் போடும் மலரில் இதை அச்சடிக்கப் போகிறார்களாம். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நான் பேசுவது உன்னிடம்தான்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சி பொன்னிக்குப் பனிமலை பார்க்க வேண்டுமாம். அவளுக்குக் கல்யாணமான புதிதில் நீதானே ஆசை காட்டினாய், ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்று? டில்லிக்கு வந்த நாளிலிருந்து ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் இட்லி ஊற்றினாள். இங்கிருந்து மலை அப்படியொன்றும் தூரமில்லை, ஆனாலும் போகவே முடியவில்லை. இப்போது இடுப்பு போய்விட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் படுத்தாக வேண்டும். ரயிலும் ஆகாது, பஸ்ஸும் ஆகாது. "இந்தக் குளிரு போறதுக்குள்ள காட்டிடுங்க, அடுத்த குளிருக்கு நான் எந்திரிப்பேனோ மாட்டேனோ" என்கிறாள். இதற்கு என்ன பதில் சொல்வாய் மச்சான்?

முருகேசன் ஒரு வேலை பார்த்தான். யாரோ விற்ற பழைய கேம்பர் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினான். இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு குட்டி வீடு. உள்ளே படுக்கை, ஜன்னல், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. ஆனால் தானாக நகராது. முன்னால் ஒரு வண்டி இழுக்க வேண்டும். பொன்னியைக் கைத்தாங்கலாக ஏற்றிப் படுக்க வைத்தோம். ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பனிமலை என்றே நினைத்துக்கொண்டாளோ என்னவோ, முகம் அப்படி இருந்தது.

"இதுலயே படுத்துக்கிட்டு வர்றேன். நீங்க முன்னால ஓட்டிட்டுப் போங்க. நான் பாட்டுக்கு ஜன்னல்ல பாத்துட்டு வருவேன்" என்றாள்.

முருகேசனும் தலையாட்டினான். "மெதுவா போலாம்பா. அம்மாவுக்கு இதைவிட சௌகரியம் வேற எதுல கிடைக்கும்?"

எனக்கு அந்த நேரம் வேப்பமரம் மறைந்து, டிராலி சாய்ந்த ரிட்ஜ் காட்டுச் சாலை இறக்கம் தெரிந்தது மச்சான்.

அன்றைக்கு கோல் மார்க்கெட் பக்கம் கல்யாண சமையல். ஜீப்பை ஓட்டப்போவது நான். முன்னால் காய்கறி மூட்டை அடைத்துவிட்டதால் மற்றவர்களுக்கு இடமில்லை. சாரதாக்கா, குப்பம்மா, மாஸ்டர் நாகராஜன், உன் தங்கச்சி, நாலு பேரும் டிராலியில் ஏறி அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்கள். காலை வெயில் அண்டாவில் பட்டு அவர்கள் முகமெல்லாம் பொன் பூசிய மாதிரி இருந்தது. நீ பின்னாலிருந்து வந்தாய்.

"எல்லாம் கீழ எறங்குங்க. இழுத்துட்டுப் போற வண்டியில சட்டி ஏறலாம், ஆள் ஏறக்கூடாது."

"கவர்னர் வந்துட்டாரு, சட்டம் போடுறாரு" என்றாள் சாரதாக்கா. "பஸ்ஸுல நசுங்கிட்டு வரணுமா நாங்க?"

"ஒன் தங்கச்சியை மட்டும் எறக்கிக்க கருப்பையா. எங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் குப்பம்மா.

"ஓட்டுறவன் கால்ல பிரேக் இருக்கு. ஒங்க கால்ல என்னா இருக்கு? செருப்புதான் இருக்கு. எறங்கு, எறங்கு."

திட்டிக்கொண்டே இறங்கி பஸ் ஏறப் போனார்கள். நீ கொக்கியை ஒருதரம் இழுத்துப் பார்த்தாய். கொக்கிக்கு அடியில் இரண்டு சங்கிலியையும் தொட்டில் மாதிரிக் குறுக்காக மாட்டினாய். அப்புறம் டிராலித் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அந்தச் சத்தம் வராமல் நான் கிளப்பினதே இல்லையே.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். போன இடத்தில் முதலில் இறங்க வேண்டியது கிரைண்டர். ஊறின அரிசி காத்திருக்கும், உடனே ஆட்டப் போட வேண்டும். அதனால் கிரைண்டரைக் கடைசியில்தான் ஏற்றுவோம், டிராலியின் வால் பக்கம். டில்லியில் நம்மைப் போல எத்தனை சமையல்காரர்கள்! எல்லோரும் அப்படித்தான் ஏற்றினார்கள். அவ்வளவு பெரிய கல் வாலில் உட்கார்ந்தால் கொக்கிப் பக்கம் மூக்கு தூக்கும் என்று யாருக்குத் தோன்றியது?

இறக்கத்தில் டிராலி நாய் வால் மாதிரி ஆட ஆரம்பித்தது. நான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், இன்னும் ஆடியது. பிரேக் தொட்டதும் கொக்கி கழன்றது. சங்கிலி விடவில்லை. இல்லையென்றால் டிராலி எதிரே வந்த ஸ்கூட்டர்களின் மேல் போயிருக்கும். ஓரக் கல்லில் மோதி, தூங்கப் போகிற மாடு மாதிரி மெல்லச் சாய்ந்தது. அண்டாக்கள் ஒவ்வொன்றாக இறங்கி வெயிலில் மின்னிக்கொண்டே உருண்டு போயின. சத்தம் பெரிதாக இருந்திருக்கும். ஆனால் இப்போது நினைத்தால் சத்தமே இல்லை. வெளிச்சம் மட்டும் உருண்டு போகிறது.

பின்னால் வந்த பஸ் நின்றது. ஜன்னலில் நாலு முகம். சாரதாக்கா கை தன் வாயை மூடியிருந்தது. அதற்கப்புறம் உன்னை யாரும் கவர்னர் என்று கேலி பேசவில்லை. அந்தப் பேரை மரியாதையாகவே கூப்பிட்டார்கள்.

இதையெல்லாம் வேப்பமரத்தடியில் நின்று பொன்னியிடம் திரும்பச் சொன்னேன். அவளுக்கு மறக்குமா? கடைசி வரை கேட்டாள். பிறகு கூரையைப் பார்த்து, "எங்கண்ணன் செத்தும் என்னை வண்டியில இருந்து எறக்குறான் பாரு" என்றாள். கோபமா, சிரிப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கேம்பரில் ஆள் ஏறக்கூடாது என்றால் அதை முன்னால் இழுக்கும் வண்டியில்தான் அவளுக்கு இடம் வேண்டும். முருகேசனின் சின்ன காரில் அது நடக்காது. கேம்பர் அதைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். கரோல் பாக் பழைய வண்டிக் கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரன் ஒரு பிக்கப்பைத் தட்டிக் காட்டி, "அரே பாபுஜி, ஹாத்தி பீ கீஞ்ச் லேகா!" என்றான். யானையையே இழுக்குமாம்.

"இழுக்கும். மலை இறக்கத்துல யானையை நிறுத்துமா?" என்று கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்து எனக்கு ஒரு சாய் சொன்னான். வண்டியை வேறு இடத்தில் எடுத்தோம்.

எதை எடுப்பது என்று பேத்தி தீபாதான் வழி சொன்னாள். அவளுக்குத் தமிழ் பாதி, ஹிந்தி மீதி. "தாத்தா, பெஹ்லே வெயிட் பாக்கணும். தண்ணி, அரிசி, சாமான் சப் குச் உள்ள வச்சு." எல்லாவற்றையும் உள்ளே வைத்து முதலில் எடை பார்க்க வேண்டுமாம். எனக்கு அது தோன்றவில்லை. காலி வண்டியைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். லாரிகளை எடை போடும் தரம் காண்டாவுக்குத் தொட்டி நிறையத் தண்ணீரோடு கேம்பரை ஏற்றினோம். நான் நினைத்ததைவிட நிறையவே கனம். அந்தக் கனத்தை இழுக்கலாம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிற வண்டியாக, இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்பாகத் தேடி எடுத்தோம். முன் இருக்கை நன்றாகப் பின்னால் சாயும். பெல்ட்டும் உண்டு.

மெக்கானிக்கிடம் விட்டு, பிக்கப் பிரேக் பிடித்தால் கேம்பர் சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி செய்தாயிற்று. கேம்பரின் விளக்குக்கு வயர் இழுத்தாயிற்று. பின்னால் வருவது தெரிய இரண்டு பக்கமும் கண்ணாடியை வெளியே நீட்டிப் போட்டோம். யானைக் காது மாதிரி இருக்கிறது. சங்கிலியை நானே வாங்கினேன். குறுக்காக மாட்டுவதையும் நானே செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு நடந்ததைக் கேள். சாமானெல்லாம் ஏற்றி முடித்தபின் போய்ப் பார்க்கிறேன், மூக்கு தூக்கி நிற்கிறது. சமையல் அலமாரி வால் பக்கம் இருக்கிறதல்லவா? கிரைண்டர், அரிசி மூட்டை, உளுந்து டப்பா எல்லாம் அங்கே!

"மாமா, இதையும் எழுதணுமா?" என்கிறாள் வசந்தி.

எழுது.

"நிறுத்துன ஒடனே மாவு ஆட்ட வேணாமா? கதவைத் திறந்தா கைக்கு எட்டுற மாதிரி வச்சேன்" என்றாள் அன்றைக்கு. ஏற்றினது அவள்தான்.

நம் சமையல்காரப் பரம்பரை எங்கே போகும் மச்சான்! எல்லாவற்றையும் இறக்கி, சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையோடு வைத்துக் கட்டினோம். மூக்கு தணிந்தது. கொக்கியில் பாரம் உட்கார்ந்தது.

நேற்றுக் காலை வெள்ளோட்டம். மூடுபனியில் கேம்பர் பாதி கரைந்து நின்றது. முருகேசன் ஸ்டார்ட் பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தான். கிளம்பவில்லை. என்னடா என்றேன். "தெரியலப்பா, ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி இருக்கு" என்றான். சின்ன வயதில் அவன் காதிலும் விழுந்திருக்குமே உன் தட்டு. நான் பின்னால் போனேன். சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன். குளிரில் கை எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் பொன்னி கேட்டாள், "காலையில எங்கண்ணன் வந்துச்சா?"

வந்தாயா?

நாளைக்குக் கிளம்புகிறோம். சாரதாக்கா மெட்ரோ ஓடத் தொடங்கின பிறகு போனாள். நாகராஜன் மாஸ்டர் கொரோனாவில் போனார். குப்பம்மா உனக்கு முந்தின மழையில். நீ போன பனிக்காலத்தில். அந்தக் காலை வெயிலில் அண்டாக்களுக்கு நடுவே இருந்த முகங்களை நான் விளக்கை அணைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருகிறேன், ஒன்றைத் தவிர.

ஒரு வாக்கு தருகிறேன். வண்டி ஓடும்போது உன் தங்கச்சி என் கண்ணெதிரே, முன் இருக்கையில் பெல்ட்டுக்குள் இருப்பாள். அவளுக்கு முடியாதபோதெல்லாம் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அப்புறம்தான் கேம்பரில் படுக்க வைப்போம். மலை தெரிகிற இடத்தில் நிறுத்தி அந்த ஜன்னலைத் திறப்பேன். நீ சொன்ன பனியை அவள் படுத்துக்கொண்டே பார்ப்பாள்.

இப்படிக்கு
உன் மாப்பிள்ளை செல்லமுத்து,
அன்றைக்கு நீ இறக்கிவிட்ட நாலு பேரில் மிச்சமிருக்கும் பொன்னியின் புருஷன்.