நாக்கின் சாட்சி

கிள்ளை,
புரட்டாசி 9.

அன்பு மகள் இசைவாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே உன் அம்மாவும் மாடும் கன்றும் சௌக்கியம். என் சௌக்கியத்தை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள்.

நீ போனில் அனுப்பிய கட்டுரையை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். இறால் பண்ணைகளால் கடலோர விவசாயம் அழிகிறது என்று தலைப்பிலேயே அடித்துவிட்டாய். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் எழுதி, அதற்குப் பதிலும் வைத்திருக்கிறாய். அப்படித்தான் எழுத வேண்டும் என்று உங்கள் காயத்ரி மேடம் சொன்னார்களாமே. வீட்டில் எதிர்த்தரப்பை வாயைத் திறக்க விடாத பெண் நீ. உன் மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்.

முதல் பக்கத்திலேயே நான்கு வருடத்துக்கு முந்தைய நாற்றங்கால் சமாசாரத்தை வைத்திருக்கிறாய். பண்ணைக் காவலாளி பக்கிரி இறால் குட்டையின் உப்புத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டார், ஊர் நாற்று முழுக்கக் கருகியது, சாட்சி ஊர் மதகைப் பார்த்துக்கொள்ளும் என் அப்பா என்று. பக்கிரி பெயர் வந்த இடத்தில் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். நடந்ததை நான் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கட்டுரையின் பின்னால் சேர்ப்பேன் என்றாய். ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

மேடத்துக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் ஊர் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறினால் உப்புத் தண்ணீர் வாய்க்காலுக்குள் வந்துவிடும். கண்ணுக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான். அதனால் மதகைத் தூக்கும் முன் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். கரித்தால் திறக்கக் கூடாது. என் அப்பா பார்த்தார், அவருக்குப் பிறகு நான். நான் துப்பிவிட்டுத் தலையை ஆட்டினால்தான் ஊர் மண்வெட்டியைத் தூக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், பார்.

அந்த வருடம் வைகாசியில் எனக்குக் கொரோனா வந்தது உனக்கு நினைவிருக்கும், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். மூச்சு திரும்பியது. ருசி திரும்பவில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு எதுவும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு போனவனுக்கு மதகில் என்ன வேலை என்று கேட்டுவிடுவார்களே என்று பயம். ஆவணி அமாவாசையன்று தண்ணீரை வாயில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கரிக்கவில்லை, அப்படியானால் நல்ல தண்ணீர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தலையை ஆட்டினேன். மூன்றாம் நாள் நாற்றின் நுனி வெளுத்தது. ஐந்தாம் நாள் எல்லாம் சுருண்டுவிட்டது.

கோயில் வாசலில் ஊர் கூடிப் பக்கிரியை நிறுத்தியது. பண்ணையில் காவல் இருந்தவன் அவன்தானே. அவன் அழவில்லை, சத்தம் போடவில்லை. என்னைக் காட்டி, "நான் எதையும் தொறக்கல. மச்சான் வாயில வச்சுப் பாத்துதான தண்ணி வுட்டாரு, அவரையே கேளுங்க" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், "பாத்தப்ப நல்ல தண்ணிதான். அப்பறமாத்தான் உப்பு வந்திருக்கு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் குடும்பம் ஊரை விட்டுப் போக அது போதுமானதாக இருந்தது. பண்ணைக்காரரும் ஊரோடு வம்பு வேண்டாம் என்று அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நீ படிக்கிற சிதம்பரத்தில்தான் மூட்டை தூக்கினான். போன ஐப்பசியில் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். சாவுக்கு வந்தேன், தெருமுனையோடு நின்றுவிட்டுத் திரும்பினேன். என்னைப் பார்த்தால் மச்சான் என்று எழுந்து கூப்பிட்டுவிடுவானோ என்று இருந்தது.

அம்மாவுக்கு இது தெரியும். ஒருநாள் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். நான் இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டேன். பிறகு அவள் சாப்பிட உட்கார்ந்தாள், ஒரு வாய் வைத்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுநாளிலிருந்து டீ கொண்டுவருகிற சாக்கில் மதகுக்கு வருகிறாள். எனக்கு முன்னால் ஒரு கை அள்ளி வாய் கொப்பளிக்கிறாள். அவள் துப்பும்போது முகம் சுளித்தால் நான் திறப்பதில்லை. மூன்று வருடமாக ஊருக்கு நல்ல தண்ணீர் வருவது அவளால்தான்.

பண்ணை நல்லது என்று நான் சொல்லவில்லை. கைப்பம்புத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்று ஊரே சொல்கிறது. குட்டை ஓரத்துத் தென்னைகள் பட்டுப்போய் நிற்கின்றன. அதையெல்லாம் எழுது, போட்டோ எடுத்து ஒட்டு. ஆனால் பக்கிரி பெயர் வரும் இடத்தை அடித்துவிடு. நான் செய்த பாவம் உன் எழுத்தில் அச்சாகக் கூடாது.

பொன்னி அத்தை உங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறுகிறாள், உன்னோடு பேசுவதில்லை, ஆனால் உன் தட்டில் மட்டும் கேட்காமலே ஒரு தோசை கூட வைக்கிறாள் என்று முன்பு எழுதியிருந்தாய். மேடத்துக்காகச் சொல்கிறேன், பக்கிரியின் பெண்டாட்டி அவள். இந்தக் கடிதத்தை முதலில் அவளுக்குப் படித்துக் காட்டு, பிறகு மேடத்திடம் கொடு. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் நானே சொல்லப்போகிறேன். ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் காதில் விழ வேண்டும். அவள் வரச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்கிறேன். வர வேண்டாம் என்றால் அவள் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எனக்கு எழுது.

நாளையிலிருந்து அவள் அந்தத் தோசையை வைக்காவிட்டால் கோபப்படாதே அம்மா. வைத்தால், பாதியில் எழுந்துவிடாமல் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

கையெழுத்துக் கேட்டாயே, போட்டிருக்கிறேன்.

உன் அப்பா,
ப. கதிர்வேல்