ஃபால்ஸ் பிரித்த பட்டு

ஓரிக்கை
18.12.2024

அன்புத் தம்பி சத்யராஜுக்கு அக்கா கங்கையம்மாள் எழுதுவது. நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம். என் மாமியார் ரொம்ப ரொம்ப நல்லபடியாக இருக்கிறார். உன்னோடு போனில் பேசினால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார். அதனால்தான் என் ஐந்தாங்கிளாஸ் எழுத்தில் எழுதி, ஷேர் ஆட்டோ காசிநாதன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு வருவாய் அல்லவா? போன வருஷம் நீ கொண்டுவந்த நூல் சேலையை மாமியார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னாமா இது, கட்டிக்கவா, டீ வடிகட்டவா?" என்றார். இந்த வருஷம் பட்டு இல்லாமல் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிவிட்டேன். உன் பெண்டாட்டி அம்சவேணிக்குக் கல்யாணத்தில் அரக்குப் பட்டு எடுத்தாயே, அதற்கு ஃபால்ஸ் தைத்தே என் கண் போச்சு. எனக்கு ஒன்று எடுத்தாயா? கடைக்காரர்கள் கொடுக்கிற பட்டுக்கெல்லாம் ஃபால்ஸ் தைக்கிறேன், என் உடம்பில் ஒரு பட்டு ஏறவில்லை. பத்தாயிரத்துக்குக் குறைந்தால் அதை நீயே கட்டிக்கொண்டு போ.

திரிஷா குட்டிக்கு என் முத்தம்.

வாய் மட்டும் பெரிதான உன் அக்கா
கங்கை

முசரவாக்கம்
23.12.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டே கொண்டுவருகிறேன். கம்பெனி வேலை நன்றாகப் போகிறது. அம்சவேணியும் உன் கடிதத்தைப் படித்தாள். திரும்பவும் ஒருமுறை வாங்கிப் படித்தாள்.

திரிஷாவுக்கு இந்தப் பொங்கலுக்குத் துணி எடுக்கவில்லை. பழைய சுடிதாரே போதும் என்கிறாள். கை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

வெல்லம் இரண்டு கிலோ கொண்டுவந்தால் மரியாதையாக இருக்குமா? எழுது.

உன் தம்பி
சத்யராஜ்

ஓரிக்கை
17.1.2025

அன்புத் தம்பிக்கு,

நீ சீர் வைத்துவிட்டுப் போனதிலிருந்து இந்த வீட்டில் நான் மகாராணி. மாமியார் பட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கிளம்பினார். "என் மருமவளுக்கு அவ தம்பி பட்டு எடுத்துக்கினு வந்துருக்கான், பாத்துக்கினியாமா?" என்று ஆறு வீட்டில் சொன்னார். ஏழாவது வீட்டில் உட்கார்ந்து காப்பியே குடித்துவிட்டார்.

இன்றைக்கு மத்தியானம் கட்டிப் பார்க்கலாம் என்று பிரித்தேன். கீழ் ஓரமெல்லாம் வரிசையாக ஊசித் துளை. முடிகிற இடத்தில் கிட்டக்கிட்ட மூன்று தையல். அப்படி முடிக்கிறவள் நான் ஒருத்திதான். பாலிஷ் போட்டால் மடிப்பு போகும் தம்பி, ஊசித் துளை போகாது. இது அம்சவேணியின் கல்யாணச் சேலை.

காசிநாதன் அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். நவம்பரிலேயே உன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள், நீ வீடு வீடாகத் தண்ணிக் கேன் போடுகிறாய் என்றார். நான் விளையாட்டுக்குக் கேட்டேன்டா. பிறந்ததிலிருந்து கேட்கிற என் வாய் உனக்குத் தெரியாதா?

சேலையை அவர் வண்டியிலேயே கொடுத்தனுப்பிவிட்டேன். அம்சவேணியே கட்டட்டும். எனக்கு அரக்கு எடுக்காது, நானே அந்தக் கலர்தான்.

அக்கா
கங்கை

முசரவாக்கம்
19.1.2025

அக்கா,

ஆட்டோவில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, காசிநாதன் அண்ணன் என் வாசலில் நின்று, "சத்யராஜு, ஒங்க அக்கா குடுத்தனுச்சிப்பா, சீர்ச் சேலை" என்று சத்தமாகச் சொல்லிக் கொடுத்தார்.

பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பினால், பிறந்த வீடே வேண்டாம் என்று அர்த்தம். உனக்குத் தெரியாததா? அப்பா இருந்தபோது பெரிய அத்தை கோபத்தில் கரும்பைத் திருப்பி அனுப்பினாளே, அதற்கப்புறம் அவள் முகத்தை நாம் பார்த்தோமா?

விளையாட்டுக்குக் கேட்டாயாம். அம்சவேணி என்ன சொன்னாள் தெரியுமா? "அண்ணி வாய்தொறந்து கேட்டது இதான் மொத தடவ. இல்லன்னு எப்பிடிங்க சொல்றது?" அவளே உட்கார்ந்து ஃபால்ஸைப் பிரித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவள் அந்தச் சேலையைத் தொட மாட்டேன் என்கிறாள். கொடுத்ததைத் தொட்டால் கொடுக்காத மாதிரி ஆகிவிடுமாம்.

இனி என் வீட்டிலிருந்து சீர் வராது. நீயும் வர வேண்டாம்.

சத்யராஜ்

ஓரிக்கை
9.2.2025

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வந்தேன். வீடு பூட்டியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

திருப்பி அனுப்புகிறபோது சீர் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவள் பெட்டியிலிருந்து எடுத்த சேலை, அவள் பெட்டிக்குப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். பெரிய அத்தையை மறந்துபோனேன்.

நேரில் பேசினால் நான் சிரிக்கிறது உனக்குத் தெரியும். காகிதத்தில் அம்சவேணிக்கு எப்படித் தெரியும்? இது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பட்டுக் கேட்டது விளையாட்டு. ஆனால் அது வந்தபோது நான் சந்தோஷப்பட்டது விளையாட்டில்லை. இரண்டு நாள் தலைநிமிர்ந்து நடந்தேன். அதை நினைத்தால்தான் கூசுகிறது.

சேலை எங்கே என்று மாமியார் கேட்டார். அது என் தம்பி பெண்டாட்டியின் சேலை, இல்லாத நேரத்தில் கேட்ட வாய் என்னுடையது என்று சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டார்.

எனக்கு வெல்லம் வேண்டாம், கரும்பு வேண்டாம். அடுத்த பொங்கலுக்கு வெறுங்கையோடு வா. பெண்டாட்டி பிள்ளையோடு வா. அதற்குள் வந்தாலும் சோறு இருக்கிறது.

அம்சவேணியிடம் இதைப் படிக்கக் கொடு.

கங்கை

முசரவாக்கம்
11.1.2026

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு வருஷம் ஆகிவிட்டது. வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை, தண்ணிக் கேன்தான். ஆறு மாசம் உன் கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை. ஆனால் அம்சவேணி பிரித்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். ஆடியில்தான் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

பதினைந்தாம் தேதி காலையில் வருகிறோம். கையில் ஒன்றும் இருக்காது. திரிஷா மட்டும் ஒரு மஞ்சள் கொத்து எடுத்துக்கொண்டு வருவாள், அது எங்கள் கிணற்றடியில் முளைத்தது. உன் மாமியாரிடம் என்ன சொல்வாயோ, அது உன் பாடு.

அந்தச் சேலையை அம்சவேணி எடுத்துக்கொண்டு வருகிறாள். பிரித்த ஃபால்ஸையும் மடித்து உள்ளேயே வைத்திருக்கிறாள். இங்கே யாரிடமும் தைக்கக் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

அரக்கு நூல் எடுத்து வை.

உன் தம்பி
சத்யராஜ்