விழுங்க வைக்கிறேன், மச்சான்

மச்சான்,

ஒரு இருமல்தான் உன்னைத் திரும்பவும் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தது. சாதாரணத் தடிமன் இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, நெஞ்சுக்குள் எதையோ தேடிவிட்டு, வெறுங்கையோடு திரும்புகிற இருமல். கடைசி வருடம் நீ இருமியது அப்படித்தான். மஹய்யாவ த்ரீவீல் பார்க்கில், ஓட்டத்துக்குக் காத்து நிற்கிற வரிசையில், என் வண்டிக்கு முன்னால் நின்ற வண்டியிலிருந்து அது வந்தது. எட்டிப் பார்த்தேன். நம்ம பார்க் சங்கத்துத் தலைவர். உன்னை வரிசையிலிருந்து வெளியே தள்ளிய அதே மனிதர். கைக்குட்டையை விரித்துப் பார்த்தார், ரத்தம், முகம் வெளுத்தது, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

நான் சிரித்தேன். செத்துப்போன உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? வாய்க்குள்ளே சிரித்தேன், வயிறு குலுங்கியது. என் வயிறு குலுங்கினால் வண்டியே ஆடும், உனக்குத் தெரியும்.

உனக்கு டீபீ என்று கிளினிக்கில் சொன்ன வாரம் நினைவிருக்கிறதா? மாத்திரை தொடங்கிய மறுநாள் கடைக்குப் பின்னால் ஒண்ணுக்குப் போனவன் அலறிக்கொண்டு ஓடி வந்தாய். "மச்சான், சிவப்பாப் போகுது, ரத்தம், நான் செத்தேன்!" நான் பெரிய டாக்டர் மாதிரி, "நேத்து பீட்ரூட் சாப்பிட்டியா?" என்று கேட்டேன். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸுக்கு போன் போட்டால் அவர் சிரிக்கிறார். மாத்திரையின் நிறமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வந்த பயணி நடந்தே போய்விட, ஒரு ஹயர் கைவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு சிரிக்க விடவில்லை. நம் பார்க்கில் எஞ்சினைப் போடாமல்தானே வண்டியை முன்னால் நகர்த்துவோம்? முதல் வண்டி ஹயருக்குப் போனதும் பின்னால் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு கை கொடுத்துத் தள்ளுவோம். ஒருத்தன் சாப்பிடப் போயிருந்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும், அவன் வண்டி வரிசையில் முன்னேறிக்கொண்டே இருக்கும். அதுதான் பார்க். அன்றைக்கு உன் வண்டி முறை வந்தபோது தலைவர் எழுந்து நின்றார்.

"டீபீ வருத்தக்காரன் வண்டியில எவனும் கை வைக்க வேணாம். பயணி ஏறுவானா? பார்க் பேரு கெட்டுப் போகும்."

"தலைவரே, மாத்திரை போட்டு வாரக்கணக்காச்சு. இனிமே பரவாதுன்னு கிளினிக் மிஸ்ஸே சொல்லிட்டாங்க" என்றேன்.

"மிஸ்ஸா வந்து இங்க ஹயர் ஓடப் போறாங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நீ நிற்கிற இடத்தில் அவரே பினாயிலை ஊற்றினார். உன் வண்டியை நான் ஒருத்தன்தான் தள்ளினேன். என் தொப்பையைத் தள்ளவே எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். பாதி தூரம்கூடப் போகவில்லை. நீ ஏறி, எஞ்சினைப் போட்டு, வளைவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாய். வளைவுக்கு அந்தப் பக்கம் எந்தப் பயணி வருவான்?

பிறகு உன் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா வீட்டுக்கு, தெல்தோட்டைக்குப் போய்விட்டாய். அங்கேயும் கிளினிக் இருந்தது. ஆனால் கிளினிக் வாசலில் நின்றால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பார்ப்பார்கள், பார்த்தால் லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும், இங்கே நடந்தது அங்கேயும் நடக்கும் என்று பயந்தாய். உடம்பும் தேறியிருந்தது. மாத்திரையை விட்டுவிட்டாய். திரும்பக் கண்டிக்கு வந்தபோது ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாய். அப்போதும் வாய் குறையவில்லை. "நெஞ்சுக்குள்ள எவனோ வீடு கட்டுறான் மச்சான். வாடகை மட்டும் தரமாட்டேங்கிறான்" என்றாய். அதுதான் நீ சொன்ன கடைசிப் பகிடி.

நீ சொன்னது சரிதான் என்று இப்போதுதான் தெரிந்தது. தலைவர் இருமியதைக் கேட்ட அன்று வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டேன். நீ தூக்கி வளர்த்த பிள்ளைக்கு இப்போது ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் சளியைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கிற வேலை. நான் பத்தாம் வகுப்பில் விஞ்ஞானப் புத்தகத்தைத் தலையணையாக மட்டும் பயன்படுத்தியவன் என்பதால் பொறுமையாகச் சொன்னாள்.

நுரையீரலுக்குள் விழுங்கிக் கலங்கள் என்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு காவல்படை இருக்கிறதாம். கிருமி வந்தால் விழுங்கிச் செரித்துவிடும். இந்தக் கிருமி மட்டும் செரிக்காது. உடம்பெல்லாம் மெழுகு பூசிய கள்ளன். விழுங்கினவனின் வயிற்றுக்குள்ளேயே குடியிருப்பான், அங்கேயே பெருகுவான்.

"ஏறின பயணி இறங்கமாட்டேன்னு வண்டிக்குள்ளேயே சமைச்சுக் குடும்பம் நடத்துற மாதிரியா?" என்றேன்.

"அப்படியே வச்சுக்குங்க அப்பா. அந்தக் கலம் மத்தவங்களைக் கூப்பிடும். எல்லாரும் வந்து சுத்தி நின்னு மதில் மாதிரி அடைப்பாங்க. நிறையப் பேருக்கு அந்த மதில் சாகிறவரைக்கும் நிக்கும், வருத்தமே வராது. சாப்பாடு சரியில்லைன்னா, ரத்தத்துல சீனி கூடுற வருத்தம் இருந்தா, காவல் தளர்ந்துடும். மதில் உடையும்."

தலைவருக்குச் சீனி இருப்பது பார்க்குக்கே தெரியும். அப்படியானால் நீயும் அவரும் மழைக்கு ஒரே வண்டிக்குள் படங்கை இறக்கிவிட்டு உட்கார்ந்த காலத்தில், உனக்கு வருத்தமென்று யாருக்கும் தெரியாத நாளில், நீ கொடுத்தது அவர் நெஞ்சுக்குள் இத்தனை வருடம் காத்திருந்ததா? எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது.

"யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு சொல்ல முடியாது அப்பா" என்று மகள் அதைக் கெடுத்தாள். "அவர் மாமாவுக்குக் கொடுத்தும் இருக்கலாம்."

அந்த வார்த்தை எனக்குள் போய் இறங்கவே இல்லை, மச்சான். இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இன்னொன்றும் சொன்னாள். நீண்ட நாள் சண்டை போடுகிற கலங்கள் களைத்துவிடுமாம். எதிரி முன்னால் நிற்கும், இவை பார்த்துக்கொண்டு நிற்கும். (உன் அக்காவைக் கட்டின நாளிலிருந்து அவளோடு வாய்ச்சண்டையில் நான் நிற்கிற மாதிரி.) வேறு சில ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் செரிக்கிற சாற்றைக் கொட்டி நுரையீரலையே கரைக்கும். எக்ஸ்ரேயில் உன் நெஞ்சில் தெரிந்த அந்தப் பெரிய ஓட்டை கிருமி மட்டும் தோண்டியதல்ல. தோண்டியதில் பெரும்பங்கு நம்முடைய ஆட்களின் வேலை.

அன்று இரவெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பேச்சு தயாரித்தேன். "இனி இவர் வண்டியில் எவனும் கை வைக்க வேணாம்" என்று ஆரம்பம். உன் அக்கா எட்டிப் பார்த்து, "பேசுறதுக்கு முன்னால பல்ல விளக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை தலைவர் வண்டியின் முறை வந்தது. எல்லாரும் தள்ள எழுந்தார்கள். நானும் எழுந்தேன். வாயைத் திறந்தேன். அவர் இருமலை அடக்கி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கண்ணை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அன்று உன் முகத்தில். இப்போது நான் கத்தினால் இவரும் எங்காவது ஓடி ஒளிவார், மாத்திரையை விடுவார், செத்துப் போவார். செத்தால் தப்பிவிடுவாரே! அவ்வளவு சுலபமாகவா விடுவது?

காதருகே குனிந்தேன். "தலைவரே, என் வண்டியில ஏறுங்க. கிளினிக் போறோம். வரமாட்டேன்னா, கைக்குட்டையில இருந்தத இங்கேயே சொல்லுவேன்."

முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். சளியில் கிருமி இருந்தது. ஆறு மாதம் மாத்திரை. அவர் வாய்விட்டு அழைத்தால் வர வீட்டில் ஒருவரும் இல்லை. வேறு வீட்டில் இருக்கிற மருமகனுக்குத் தெரியவே கூடாது என்று அவர் கெஞ்சினார். தினமும் மாத்திரை விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க யார் இருக்கிறார்கள் என்று மிஸ் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "ஹொந்த யாளுவா" என்று மிஸ் என் தோளைத் தட்டினார். நல்ல கூட்டாளியாம் நான்! தலைவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

மருந்து வேலை செய்யும்வரை அவரை வீட்டிலேயே இருத்தினேன். பார்க்கில் கேட்டவர்களுக்குச் சீனி கூடிவிட்டது என்றேன், அது பொய்யும் இல்லை. ஒவ்வொரு நாள் காலையும் முதல் ஹயருக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போகிறேன். மாத்திரையை அவர் கையில் வைக்கிறேன். தண்ணீர்க் கோப்பை என் கையில் இருக்கும். உன்னைப் பற்றி ஒரு கதை சொல்வேன். அதைக் கடைசி வரைக்கும் கேட்டால்தான் தண்ணீர். பீட்ரூட் கதை சொன்ன அன்று அவருக்கும் சிவப்பாய்ப் போயிருந்தது, பயத்தில் தூங்கவில்லையாம். மாத்திரையின் நிறம்தான் என்கிற முடிவைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அந்த அளவுக்கு எனக்கும் உரிமை இருக்கிறது.

அவரை நான் மன்னிக்கவில்லை, மச்சான். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. களைத்து நிற்கிற கலங்கள் மருந்து உள்ளே போகப் போக மெல்லத் தெம்பு பெறுமாம். என் ஆத்திரத்துக்கும் அப்படித்தான், தினமும் காலையில் புதுத் தெம்பு.

இன்று வளைவுக்கு அந்தப் பக்கம் நீ தனியாக நின்ற நாட்களைச் சொன்னேன். பயணி வராமல் சாயங்காலம் வரைக்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாயே, அதை. தலைவர் அழுதுவிட்டார். "போதும்டா, வேற ஏதாச்சும் சொல்லு. எத்தனை நாளைக்குத்தான் அவன் கதையச் சொல்லுவ?"

"வாயைத் திறங்க" என்றேன். திறந்தார். நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். மாத்திரை இறங்கியிருந்தது.

"மாத்திரை ஆறு மாசத்துல முடிஞ்சிரும் தலைவரே" என்று கோப்பையை வாங்கிக்கொண்டேன். "அவன் கதை முடியாது. நீங்க நல்லா இருந்து கேக்கணும்."