நான் சுற்றிய ரோஜாக்கள்

மார்ச் 4, செவ்வாய்

யெல்டோவுக்கு மறுபடி இருமல். அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுப்பாகப் பூத்திருக்கிறது. துடைத்தால் மறுநாளே வந்துவிடுகிறது. எம்டன் துறைமுகத்து ஈரம் மொத்தமும் இந்த அறையில்தான் குடியிருக்கிறதோ? டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். ஒன்றுமில்லாமலா குழந்தைக்கு நெஞ்சு இப்படி இரைகிறது?

கால்வாய்க்கரை வீடு கிடைத்துவிட்டால் போதும். அங்கே இப்போது இருக்கும் உப்பென் அம்மா மே மாதம் மகளோடு இருக்கப் போய்விடுகிறார். "வீடு உங்களுக்குத்தான், பொண்ணே. பிள்ளை ஓடி விளையாடட்டும்." வாய்வார்த்தைதான். இங்கே அது போதும்.

மார்ச் 9, ஞாயிறு

ஹில்கா வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி. தேநீர்க் கெண்டி காலியாகும்வரை அவள் கரண்டியைக் கோப்பைக்குள் போடவே இல்லை. வந்தவர் போதும் என்று கரண்டியைக் கோப்பைக்குள் போடுகிறவரை ஊற்றிக்கொண்டே இருப்பதுதானே இங்கே மரியாதை. வீட்டைப் பற்றியே பேசினேன். தொட்டில் எந்த ஜன்னலோரம், தோட்டத்தில் வெயில் எங்கே விழும்.

"அந்த வீட்டு மாடியில ஈரம் இல்லையாடி?" என்று இரண்டு தடவை கேட்டாள். என் பிள்ளைமேல் எவ்வளவு அக்கறை!

ஏப்ரல் 2, புதன்

உப்பென் அம்மா புறப்படுவது ஆகஸ்டுக்குத் தள்ளிப்போய்விட்டதாம். என் கணவன் எய்லர்ட் சொன்னான், காலணியைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

இன்னும் ஒரு கோடை இந்தச் சுவரோடு.

மே 9, வெள்ளி

பக்கத்து வீட்டு ஹார்ம் மாமா கொட்டகையில் எல்லாரும் சேர்ந்து வாசல் வளைவுக்குக் காகித ரோஜா சுற்றினோம்; புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு இங்கே அப்படித்தான் வரவேற்பு. யாருக்கு என்றேன். "புதுசா யாரோ குடிவர்றாங்க, நீ சுத்து." வழக்கம்போல் நடுவில் மஞ்சள் காகிதம் வைத்துச் சுற்றினேன். "படிச்ச பொண்ணு கை! ஒரு இதழ் கசங்குதா பாருங்க" என்று கிண்டலடித்தார். எல்லாரும் சிரித்தார்கள், சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

ஆகஸ்டில் நமக்கும் இப்படி ஒன்று கட்டுவார்கள்.

மே 11, ஞாயிறு

என் ரோஜாக்கள். உப்பென் அம்மா வீட்டு வாசலில். வளைவுக்குக் கீழே ஹில்கா, சாராயத் தட்டோடு, எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு.

தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவள்தான் ஓடிவந்தாள்.

"ஃபென்னா, கோவிச்சுக்காதடி. உங்களுக்கு வேண்டாம்னு எய்லர்ட்தானே கிழவிகிட்ட சொன்னான்? நீதான் கேட்கணும் அவனை."

கேட்டேன்.

"ஹில்கா வீட்டுக்காரன் எனக்கு ஃபோர்மேன். வீட்டை விட்டுக்குடுன்னான். எப்படி மாட்டேங்கறது? உங்கிட்ட சொன்னா அழுவே, அதான் ஆகஸ்டுன்னேன்."

அழுவேனாம்! பிள்ளை மூச்சுக்குத் திணறுது, இவனுக்கு நான் அழறதுதான் பெருசா? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஹார்ம் மாமாவுக்குக்கூட. நான்தான் உக்காந்து — மஞ்சள் வெச்சு, இதழ் கசங்காம —

மே 12

எழுத ஒன்றுமில்லை. இருமல்.

செப்டம்பர் 20, சனி

லேர் நகரம். தங்கை வீட்டு மாடி அறை. சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. யெல்டோ இரவெல்லாம் தூங்குகிறான். எய்லர்ட் ஞாயிறுகளில் குழந்தையைப் பார்க்க வருகிறான், சாயங்கால ரயிலில் திரும்பிப் போகிறான்.

இன்று ஹில்கா வந்தாள், கேக்கோடு. கற்கண்டு போட்டுத் தேநீர் ஊற்றினேன், கிரீமும் விட்டேன். வீட்டைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் கோப்பை முடிந்ததும் கெண்டியைப் பார்த்தாள்.

நான் அவள் கரண்டியை எடுத்து அவள் கோப்பைக்குள் போட்டேன்.

கோட்டை மாட்டிக்கொள்ள அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.