போட்டாச்சு என்று சொன்னேன்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று ஃப்ரிட்ஜ், ஒரு ஏசி. மூன்றாவது வீட்டில் கோளாறே இல்லை, அந்தம்மா பிளக்கைச் சரியாகச் சொருகவில்லை. சொருகிக் கொடுத்தேன். "இவ்வளவுதானா?" என்று என்னை முறைத்தார்கள், ஏதோ நான்தான் வந்து உருவி வைத்ததுபோல.

என் மகள் பொடிசுக்கு மூன்றாவது நாளாகக் காய்ச்சல். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஓயாத இருமல். மூன்று வயதில் அவள் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 4, புதன்

தெருமுனை டாக்டரிடம் போனோம். "தடுப்பூசியெல்லாம் போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் போட்டாச்சு டாக்டர். இவர்தான் கூட்டிட்டுப் போனார்" என்றாள் என் மனைவி.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப சாதாரண வைரஸ் காய்ச்சல்தான்" என்று சிரப் எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 5, வியாழன்

காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொரிப்பொரியாக வந்திருக்கிறது. மதியத்துக்குள் முகம் முழுக்க. வேர்க்குரு என்கிறாள் மனைவி. நான் ஆமாம் என்றேன். ஆமாம் என்றேன்!

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். பொடிசுக்குத் தட்டம்மை ஊசி போடவே இல்லை. ஒரு வயதுக்குள் போடவேண்டியதும் இல்லை, அடுத்ததும் இல்லை.

முதல் ஊசி போடவேண்டிய அந்த வாரம்தான் சுகாதார நிலையத்தின் ஊசி மருந்து ஃப்ரிட்ஜைப் பழுதுபார்த்திருந்தேன். தெர்மோஸ்டாட் செத்துப்போய், உள்ளே பத்தொன்பது டிகிரி. எட்டைத் தாண்டக்கூடாது. குப்பிகள் வரிசையாக இருந்தன. தெர்மோஸ்டாட்டை மாற்றிக் கொடுத்தேன், குளிர் ஏறியதைப் பார்த்தேன், வந்துவிட்டேன். நாலு நாள் கழித்துப் பொடிசை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றபோது அந்தக் குப்பிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கெட்டுப்போன மருந்தைத்தானே குத்தப்போகிறார்கள்? நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர். "தனியார் ஆஸ்பத்திரியில போட்டுக்கறோம்" என்று அவரிடம் சொன்னேன். வீட்டில் "போட்டாச்சு" என்று சொன்னேன். அடுத்த வாரம் தனியாரில் போட்டுவிட்டால் பொய் பொய்யாகவே இருக்காது என்று ஒரு கணக்கு. தடுப்பூசி அட்டையில் தேதி எழுதி நானே ஒரு டிக் போட்டேன்.

அடுத்த வாரம் கோடை தொடங்கிவிட்டது. ஊரெல்லாம் ஏசி ரிப்பேர். மறந்துவிட்டேன் என்று எழுத வந்தது. மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். இரண்டாவது ஊசிக்கு மனைவி போனால் முதல் பொய் வெளியே வந்துவிடுமே என்று அதையும் நானே கூட்டிப்போவதாகச் சொல்லி, பூங்காவில் ஒரு மணி நேரம் ஊஞ்சல் ஆட்டிவிட்டு வந்தேன். இன்னொரு டிக்.

அவளுக்கு ரெடிமேட் ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. பட்டன் நூல் அளவு கோணினாலும் கண்டுபிடித்துவிடுவாள். என் டிக்கைக் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பரிசோதிக்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இன்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

விடிந்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நிமோனியா. ஆக்ஸிஜன் வைத்துத் தனி அறையில் படுக்கவைத்திருக்கிறார்கள்.

சின்ன வயது டாக்டர், பெண். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பார்த்தா தட்டம்மை மாதிரிதான் இருக்கு. ஆனா ரெண்டு டோஸும் போட்டிருக்கீங்களே... இந்த ரெண்டு இடத்துல மட்டும் கையெழுத்தைக் காணோம்?"

"சில நேரம் நர்ஸ் போட மறந்துடுவாங்க டாக்டர். இவர் கூடவே நின்னு போட்டுட்டு வந்தார்" என்றாள்.

எனக்காக வாதாடுகிறாள். பொடிசின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காக வாதாடுகிறாள். வேறு காரணங்களைத் தேடி வேறு சோதனைகள் எழுத ஆரம்பித்தார் டாக்டர். தாழ்வாரத்தில் பின்னாலேயே போய், "டாக்டர், ஊசி போடல. டிக் நான் போட்டது" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு வயசுக்குள்ள ஏதாவது குழந்தை பக்கத்துல வந்துச்சா?"

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியா வந்திருந்தாள், எட்டு மாதக் கைக்குழந்தையோடு. பொடிசு அதன் கன்னத்தைவிட்டு முகத்தை எடுக்கவே இல்லை.

"அந்தக் குழந்தைக்கும் தொத்தியிருக்கலாம். ஆறு நாளுக்குள்ள பாதுகாப்பு ஊசி ஒண்ணு போடலாம். இன்னிக்கு ஆறாவது நாள். உடனே வரச் சொல்லுங்க. அப்புறம், அவங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் மறைக்க முடியாது."

முதலில் கொழுந்தியாவுக்குப் போன் செய்தேன். எதற்கு ஊசி என்று கேட்டாள், சொன்னேன். பிறகு "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன்பிறகு உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். பொடிசின் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ரெண்டும் நீ போட்ட டிக்கா?"

"ஆமா."

"பூங்காவுக்குப் போனேன்னு அவ வந்து சொன்னா. உளர்றான்னு நினைச்சேன்."

துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள்.

"கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

கல்யாணமான நாளிலிருந்து என்னை நீ வா போ என்றுதான் கூப்பிடுவாள். இருங்க என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

கொழுந்தியா குழந்தைக்கு நேற்றே ஊசி போட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால்? நாலாம் தேதி செருப்பு வாரைச் சரிசெய்த நேரத்தில் சொல்லியிருந்தால்?

பொடிசு கண்ணைத் திறக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சுகாதார நிலையத்துக்குப் போனேன். யார் மேலாவது பழிபோட ஒரு நூலாவது கிடைக்காதா என்றுதான் போனேன். வேறு எதற்கு?

அதே நர்ஸம்மா. அன்றைக்கு உள்ளே இருந்த மருந்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்வோம்? நீங்க டூல்ஸ் பையை எடுத்துட்டுக் கிளம்பினதுமே அத்தனையும் எடுத்து ஒதுக்கி, எழுதி, ஒழிச்சாச்சு. மறுநாள் புதுசு வந்துச்சு. ஏன் கேக்கறீங்க?"

அவரே பேசிக்கொண்டு போனார். "நல்லா வேலை செஞ்சு குடுத்தீங்க சார். அப்போலேர்ந்து ஒரு டிகிரி அப்படி இப்படிப் போகல. இந்த ஏரியாப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் இதுலேர்ந்துதான் போகுது."

எல்லாப் பிள்ளைகளுக்கும். என் பிள்ளை தவிர. ஊர் முழுக்க என் கைவேலையை நம்பிக் கையை நீட்டியிருக்கிறது, நான் நம்பவில்லை.

ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

ஆக்ஸிஜன் எடுத்துவிட்டார்கள். தண்ணி கேட்டாள். அம்மாவிடம் கேட்டாள்.

மார்ச் 19, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. ரெண்டு காதிலும் சீழ் வடிந்து இப்போதுதான் நிற்கிறது. தொலைக்காட்சிச் சத்தத்தை ஏத்து ஏத்து என்கிறாள். மருந்து கொடுப்பது, டாக்டரிடம் போவது எல்லாம் மனைவிதான். லீவு தீர்ந்தும் லீவு எடுக்கிறாள். நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்ல எனக்கு எந்த முகம் இருக்கிறது?

சண்டை போட்டாலாவது பரவாயில்லை. சாப்பிட வாங்க, சோப்பு தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரல் 21, செவ்வாய்

காதுப் பரிசோதனை. வலது காது தேறிவிட்டது. இடது காது அனேகமாகப் போய்விட்டது. திரும்பாது.

பரிசோதனை செய்தவர் நல்ல மனிதர். "ஒரு காதை வச்சுக்கிட்டு நல்லாவே சமாளிப்பாங்க" என்றார். இடது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் பொம்மையின் சட்டையைக் கழற்றுவதிலேயே குறியாக இருந்தாள். என் மேல் கோபமாக இருக்கிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி இருந்தால் நன்றாயிருக்கும்.

ஜூன் 8, திங்கள்

மழலையர் பள்ளியில் சேர்த்தோம். "காது பிறவியிலேயே இப்படியா?" என்று டீச்சர் கேட்டார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள்.

"இல்லங்க. தட்டம்மை வந்துச்சு. ஊசி போடல. நான்தான் போடாம விட்டேன்" என்றேன்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். வலது பக்கம் ஆள் இருக்கும்படி முதல் வரிசை ஓரத்தில் இடம் கொடுத்தார்.

வரும் வழியில் மனைவி பொடிசின் வலது பக்கத்துக்கு மாறி நடந்தாள். பிறகு, "நாளைக்கு எனக்கு எட்டு மணி ஷிஃப்ட். நீங்க கொண்டுபோய் விடுங்க" என்றாள்.

ஜூன் 9, செவ்வாய்

வழியில் எங்கும் நிற்கவில்லை. எட்டே முக்காலுக்கே கொண்டுபோய் விட்டேன். பொடிசு திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள்.

டீச்சரிடம் சொன்னேன்: "அவங்க அம்மா போன் பண்ணுவாங்க. வந்து சேர்ந்துட்டான்னு சொல்லிடுங்க."

"எதுக்கு, நீங்களே சொல்லலாமே?"

"நான் சொன்னா போதாதுங்க."

வாசலில் நின்றேன். ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. "ஆமாங்க, வந்தாச்சு... ஆமா, நான் கண்ணால பார்த்தேன்" என்று டீச்சர் சொல்வது கேட்டது. அதன்பிறகுதான் வேலைக்குக் கிளம்பினேன்.