உயிர் கொடுக்கும் கோயில்

அன்புள்ளவளே,

மில்வாக்கியில் உன் அக்கா வீட்டுப் பக்கம் பனி விட்டதா?

ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை ஆடும் நம் ஞாயிற்றுக்கிழமைப் பகடையாட்டத்துக்கு யார் கட்டிய கற்பனை உலகம் என்ற சண்டையில் நீயே ஜெயித்தாய். செத்தவர் திரும்பாத என் சாம்பல் உலகத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். "அம்மா உலகத்துல கோயிலுக்குப் போனா உயிர் குடுப்பாங்கப்பா" என்று நம் மாரென் கெஞ்சுவாளே, அதைத்தான் விரித்தேன். மகளை அடக்கம் செய்தபின் இதுதான் முதல் ஆட்டம்.

கோயில் பூசாரியாக ஆடிய நண்பன் கர்ட், என் உலகத்தில் செத்துக்கிடந்த அவளுடைய பாத்திரமான வில்லாளிப் பெண்ணை எழுப்பினான். பகடையும் கேட்டபடியே விழுந்தது. எல்லோரும் மாரெனின் காலி நாற்காலியைப் பார்த்தோம்.

ஒருவர் பாத்திரத்துக்கு இன்னொருவர் குரல் கொடுப்பது நம் மேசையில் வழக்கமில்லையே.

"நீ பேசுடா, அப்பன்தானே" என்றான் கர்ட்.

என்னால் முடியவில்லை. வில்லாளி கோயில் வாசலில் உயிரோடு நிற்கிறாள். பேசத்தான் ஆளில்லை.

மேசையை இன்னும் கலைக்காத,
உன் கணவன்