பினாங்குக்குப் போன போர்வை

20 பிப்ரவரி 1964, கடலூர் முதுநகர்

பெருநாள் கழிந்து ஐந்து நாள். பினாங்கிலிருந்து மச்சானின் கடிதம் இல்லை. கடைசிக் கடிதம் அக்டோபரில் வந்தது, அதுவும் நான்கே வரி. மலிகாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. தகப்பனை அவள் பார்த்ததே இல்லை. அவர் கப்பலேறும்போது என் வயிற்றில் இருந்தாள்.

தபால்காரர் கண்ணாயிரம் இப்போதெல்லாம் எங்கள் வாசலைக் கடக்கும்போது மணியடிப்பதில்லை. அவருக்கே சங்கடம் போலிருக்கிறது.

27 பிப்ரவரி

சிதம்பரத்திலிருந்து ஞானாம்பாள் வந்தாள். என்னோடு பி.ஏ. படித்தவள். அங்கே மாதர் சங்கத்தில் கைவேலைக் கண்காட்சி வைக்கப்போகிறாளாம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வையின் படத்தைக் காட்டினாள்.

"சும்மா உக்காந்து தெருவப் பாத்துக்கிட்டிருக்கறதுக்கு இதையாவது தையேன்டி."

துணிக்கு எங்கே போவேன்? பெட்டியில் மச்சான் விட்டுப்போன கைலிகள் ஒன்பது இருக்கின்றன.

5 மார்ச்

முதல் முயற்சி பாழ். துவைக்காமல் வெட்டிவிட்டேன், அரக்குக் கைலியின் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. கட்டங்களைக் குறுக்காக வெட்டினால் துணி இழுபடுகிறது, ஓரம் சுருங்குகிறது. கணக்கில் பட்டம் வாங்கியவளுக்கு ஒரு முக்கோணம் சரியாக வரவில்லை!

19 மார்ச்

காலண்டர் அட்டையில் முக்கோணம் வெட்டி, அதை வைத்துத் துணியில் கோடு போட்டேன். இப்போது வருகிறது. நடுவில் உம்மாவின் பழைய துப்பட்டி, மேலும் கீழும் கைலித் துண்டுகள், மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல்.

குவித்து வைத்திருந்த முக்கோணங்களை உம்மா பார்த்தாள். "என்னடி, நூறு சமோசா மடிச்சு வச்சிருக்கே? எண்ணெயக் காய வைக்கவா?"

சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று.

இரண்டிரண்டாகச் சேர்த்தால் பாய் விரித்த தோணி மாதிரி இருக்கிறது. எல்லாத் தோணிகளும் ஒரே பக்கம் பார்க்கின்றன. ஊர்ப்பக்கம்.

12 ஏப்ரல்

சிதம்பரம் போய் வந்தேன். போர்வையைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தையலை எண்ணவே ஆரம்பித்துவிட்டார். "கையாலயாம்மா தச்சே? மெஷின் இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டார். புருஷன் எங்கே, எப்போது வருவார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது.

14 ஏப்ரல்

பக்கத்து வீட்டு ஜொஹரா பீவி மாமி போர்வை பார்க்க வந்தாள். தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏண்டி, இது ஒன் மச்சான் கைலியில்ல?"

"ஆமா மாமி."

"மவுத்தாப் போனவங்க உடுப்பத்தாண்டி நாப்பதாம் நாளுக்குப் பொறவு எடுத்துப் பங்கு வைப்போம். உசுரோட இருக்கற மனுசன் துணியில கத்திரி வைப்பியா? படிச்சவதானே நீ!"

உம்மா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். காலி.

எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை?

30 ஏப்ரல்

அடுத்த தெரு நூருல் அமீன் அண்ணன் பினாங்கு போகிறார். போர்வையைக் கொடுத்தனுப்பினேன். மச்சானுடைய துணி மச்சான் மேலேயே பட்டால் முஸீபத்து, அந்தக் கேடு, விலகிவிடும் என்று — நானா இப்படி நினைக்கிறேன்? இருக்கட்டும். தோணிகள் பார்க்கும் திசையைப் பார்த்தால் புரிந்துகொள்வார். வருவார்.

18 ஜூன்

கடிதம் இல்லை.

26 ஜூலை

பேப்பரில் சிங்கப்பூர்க் கலவரம். "பினாங்கு அங்கேருந்து எவ்ளோ தூரம்டி?" என்றாள் உம்மா. அட்லஸில் ஒரு விரற்கடை. ரொம்ப தூரம் என்றேன்.

9 ஆகஸ்ட்

ஒம்பதையும் வெட்டிட்டேனே. ஒண்ணையாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா? துணிக்கும் உசுருக்கும் என்னடி சம்பந்தம்னு படிச்ச புத்தி கேக்குது. கை கேக்கமாட்டேங்குது — கத்திரிப் பக்கமே போகமாட்டேங்குது. நேத்து மலிகா சட்டையில நூல் தொங்குச்சு, பல்லால கடிச்சுத்தான் அறுத்தேன். யா அல்லாஹ், அவுங்க உசுரோட இருந்தா போதும். வேற எதுவும் கேக்கமாட்டேன்.

14 செப்டம்பர்

நூருல் அமீன் அண்ணன் திரும்பிவிட்டார். அவர் மனைவி மெகருன்னிசா வாசலில் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தாள்: "ஒன் மச்சான் நல்லா இருக்காங்கடி! தொப்பையே போட்டிருச்சாம்!"

உம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெகருன்னிசாவுக்கு டீ போட அடுப்படிக்குப் போனாள்.

"அங்க ஒன் போர்வைப் பேச்சுத்தானாம். பொம்பளைங்க வந்து தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்களாம். புள்ள அது இல்லாம தூங்கவே மாட்டேங்குதாம்."

"எந்தப் புள்ள?"

அவள் முகம் மாறிவிட்டது. "ஒனக்கு எழுதலியா அவுங்க? அங்க ஒரு நிக்காஹ் பண்ணிக்கிட்டாங்கல்ல... தெரிஞ்சுதான் நீ அந்தப் புள்ளைக்குத் தச்சு அனுப்பறேன்னு நெனச்சேன்டி. என்ன மனசு இவளுக்குன்னு எங்க ஊட்டுல சொல்லிச் சொல்லி..."

"எத்தனை மாசம்?"

"ஒம்பது."

முதல் கைலியில் நான் கத்திரி வைத்தபோது அந்தப் பிள்ளைக்கு மூன்று மாசம்.

15 செப்டம்பர்

மருமகன் சுகமாக இருப்பதற்காக உம்மா பாத்திஹா ஓதி, பால்சோறு ஆக்கி நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். ஜொஹரா பீவி மாமியும் வந்து சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

29 செப்டம்பர்

மச்சானுக்கு எழுதினேன். போர்வை கைக்குழந்தைக்குப் பெரியது, இரண்டாக மடித்துப் போர்த்தச் சொன்னேன். மலிகா சுகம் என்று எழுதினேன். வேறென்ன? ஏர்மெயில் தாளில் எப்போதும் இடம் போதாமல் ஓரத்தையெல்லாம் சுற்றிச் சுற்றி எழுதுவேன். இன்று முக்கால்வாசி வெறுமனே கிடந்தது. அப்படியே மடித்து ஒட்டிவிட்டேன்.